நாற்காலியை விட்டு எழுந்தால்

நோர்வூட்
9.6.1963

அன்புள்ள அத்தானுக்கு,

ஊரே படுத்துவிட்ட நேரத்தில் விளக்கைத் தூண்டிவிட்டு எழுதுகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள். எழுத்து கோணலாகப் போனால் அழகன் மடியில் அசைகிறான் என்று அர்த்தம். இப்போதுதான் பால் குடித்து முடித்தான். கீழே கிடத்தினால் விழித்துக்கொள்வான். பகல் முழுக்கப் பள்ளிக்கூடம், சாயங்காலம் முழுக்க உங்கள் அம்மாவின் இடுப்புவலி. இந்த நேரத்தில்தான் எனக்கென்று ஒரு கை மிஞ்சுகிறது.

நேற்று ஹட்டனில் நுவரெலியா பஸ்ஸில் ஏறிய நீங்கள் திரும்பிப் பார்க்கவே இல்லை. நான் பிள்ளையின் கையைப் பிடித்து ஆட்டிக் காட்டினேன். கண்ணாடியில் பனி பிடித்திருந்ததால் தெரியவில்லை என்று வைத்துக்கொள்கிறேன். ஆனால் ஏறுவதற்கு முன்னால் நீங்கள் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. "பொம்பளைங்க ஆட்டந்தானே. நாலு பேர்ல ஒருத்தி ஜெயிச்சுத்தானே ஆகணும்."

அந்த நாலு பேரில் ஒருத்தியாக என் பெயரை எழுதிக் கொடுத்தது யார் அத்தான்? பெண்கள் பிரிவில் நான்கு பேராவது ஆடாத மாவட்டத்துக்கு ஆண்கள் பிரிவிலும் இடமில்லை என்று அகில இலங்கைக் கரம்போர்ட் போட்டியை நடத்துகிற கொழும்புக் கமிட்டி சட்டம் போட்டுவிட்டது. நீங்கள் கொழும்புக்குப் போவதற்காக நான்கு பெண்கள் தேவைப்பட்டார்கள். எங்கள் பள்ளிக்கூடத்து டோரீன் டீச்சர், தோட்டத்து மருத்துவிச்சி மீனம்மா, ஹட்டனில் தையல் படிக்கிற நாகலெட்சுமி, எண்ணிக்கைக்கு நான். "சும்மா போய் உக்காந்து ரெண்டு காயைத் தட்டிட்டு வந்துரு பூரணி" என்றீர்கள். அப்படித்தான் போனேன். உட்கார்ந்த பிறகு சும்மா தட்ட என்னால் முடியவில்லை. கல்லூரி விடுதியில் மழைக்காலம் முழுக்க ஆடிய விரல், பலகையைக் கண்டதும் என்னைக் கேட்காமல் வேலை செய்தது.

மீனம்மாவை நான் தோற்கடித்தபோது அவள் சொன்னதைக் கேட்க நீங்கள் அங்கே இல்லை. "ஒங்க புள்ளைய வெளிய எடுத்தது இந்தக் கைதான் டீச்சரம்மா. அதுக்காகவாவது ஒரு ஆட்டத்த விட்டுக் குடுக்கக் கூடாதா?" மண்டபமே சிரித்தது. நீங்கள் அப்போது சாப்புக்கடையில் துணி அளக்கிற மூக்கனிடம் தோற்றுவிட்டு வெளியே போய் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தீர்கள்.

இனிமேல்தான் விஷயம். மாவட்டக் கரம் சங்கச் செயலாளர் கஸ்பர் மாஸ்டர் விதிகளைச் சொல்லி அனுப்பினார். ஆகஸ்ட் மாதம் 24, 25, கொழும்பில், கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு மண்டபம். மூன்று ஆட்டத்தில் இரண்டை வென்றால் அடுத்த சுற்று. பக்கத்தில் நடுவர் உட்கார்ந்திருப்பார். நாற்காலியில் உட்கார்ந்த பிறகு அந்தப் போட்டி முடியும்வரை எழுந்திருக்கக் கூடாது. எழுந்தால் வெற்றி எதிராளிக்கு. எந்தக் காரணமும் கேட்கமாட்டார்களாம்.

அழகன் போத்தல் பாலைத் துப்புகிறான். அத்தைக்கு பஸ் ஏறினால் வாந்தி. ஹட்டனில் டோரீன் முதல் ஆட்டத்திலேயே தோற்றுவிட்டதால் பிள்ளையை வைத்திருந்தாள். கொழும்பில் யார் வைத்திருப்பது? நீங்கள் லீவு போட்டு வந்து இரண்டு நாள் மண்டப வாசலில் பிள்ளையோடு நின்றால் நான் ஆடலாம். இல்லாவிட்டால் முடியாது. அவ்வளவுதான் கேட்கிறேன்.

அவன் அழ ஆரம்பித்தால் நிறுத்துவதில்லை. அழாமல் தூங்கினால் நான் மூக்கில் விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்க்கிறேன். மீனம்மா சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

உங்கள்
பூரணி


ராகலை
17.6.1963

அன்புள்ள பூரணிக்கு,

கடிதம் கிடைத்தது. நான் திரும்பிப் பார்த்தேன். நீ அப்போது பிள்ளையின் தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தாய். இதை முதலில் தீர்த்துக்கொள்வோம்.

இரண்டாவது, மூக்கன். ஹட்டன் மண்டபத்தில் ஒரு ஜன்னலுக்குக் கண்ணாடி இல்லை. மூடுபனி நேரே பலகைமேல் வந்து படுத்தது. பவுடர் போட்டால் ரொட்டிக்கு மாவு பிசைந்த மாதிரித் திரண்டது. அதே பலகையில்தானே நானும் ஆடினேன் என்று எழுதப் போகிறாய். எழுதாதே.

மூன்றாவது, கொழும்பு. நீ ஜெயித்ததில் எனக்குச் சந்தோஷம் இல்லை என்று நினைக்காதே. இருக்கிறது. ஆனால் அது வருவதற்குக் கொஞ்சம் நாள் பிடிக்கிறது. நான் இங்கே தேயிலை ஃபெக்டரியில் உதவி டீமேக்கராக வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பெரிய டீமேக்கரிடம் போய் என்ன சொல்லி லீவு கேட்பது? என் குவாட்டர்ஸில் கூட இருக்கிற லியனார்டை உனக்குத் தெரியும். உன் கடிதத்தை மடித்து வைப்பதற்குள் முகத்தைப் பார்த்தே விஷயத்தைக் கேட்டு வாங்கிவிட்டான். அன்று தொடங்கியது. "மச்சான், பொஞ்சாதி உள்ளுக்கு ஆட்டம், நீ வெளிய தாலாட்டா? எந்த ராகத்துல?" ஃபெக்டரியில் சல்லடை போடுகிற பெண்கள்வரை இப்போது என்னைப் பார்த்தால் தாலாட்டு முணுமுணுக்கிறார்கள். நான் மண்டப வாசலில் பிள்ளையோடு நின்றால் அங்கே மூக்கனும் வருவான். அவன் ஆண்கள் பிரிவில் ஆட வருகிறான். அதை நினைத்துப் பார்த்தாயா?

என்னால் வர முடியாது. கஸ்பர் மாஸ்டரிடம் சொல்லி வேறு யாரையாவது அனுப்பச் சொல்.

எதற்கும் ஒன்று சொல்லி வைக்கிறேன். நீ காயை ஓங்கி அடிக்கிறாய். நோர்வூட் ஈரத்துக்கு அது சரி. கொழும்பு வெயிலில் பலகை காய்ந்து கிடக்கும். அந்த அடிக்கு உன் காய் குழியைத் தாண்டி எதிராளியின் மடியில் போய் விழும். போகிறவளுக்குச் சொல்.

பிள்ளையைக் கவனித்துக்கொள். அம்மாவுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன்.

சின்னராசா


நோர்வூட்
27.6.1963

அத்தானுக்கு,

போகிறவளுக்குச் சொல்லிவிட்டேன். போகிறவள் நான்தான்.

கஸ்பர் மாஸ்டரிடம் கேட்கத்தான் செய்தேன். சனிக்கிழமை குடையை மடக்கிக்கொண்டு வந்து வாசலில் நின்றே பேசினார். "தங்கச்சி, ஜெயிச்சவங்க பேரு கொழும்புக்குப் போயாச்சு. இனி மாத்த ஏலாது. நீங்க வராட்டி, மாவட்டம் ஆள் அனுப்பலன்னு எழுதுவாங்க. அடுத்த வருஷம் நம்மள ஆட்டத்துக்கே சேக்க மாட்டாங்க" என்றார். ஆக, மூக்கனோடு சேர்த்து உங்கள் அடுத்த வருஷமும் என் இடுப்பில் இருக்கிற பிள்ளையோடு தொங்குகிறது. தெரிந்துகொள்ளுங்கள்.

எனக்குக் கோபம் வருகிறது, கோபம் வந்தால் பால் குறைந்துவிடும் என்று பயமும் வருகிறது. இங்கே மழை விட்டபாடில்லை. தகரத்தில் விழுகிற சத்தத்தில் ஸ்ட்ரைக்கர் காயைத் தொடுகிற சத்தம் கேட்பதில்லை. வாசிகசாலைப் பலகையைக் கேட்டு வாங்கி அடுப்புக்கு மேலே பரணில் ஏற்றிக் காயவைக்கிறேன். அத்தை, "சோறு பொங்கற அடுப்புல வெளையாட்டுச் சாமான காயவைக்கிறாளே" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரிச் சொல்கிறார். இறக்கி வைத்து டோரீனும் நானும் இரண்டு ஆட்டம் ஆடுவதற்குள் மறுபடி ஈரம் ஏறிவிடுகிறது. நீங்கள் சொன்னது சரிதான், நான் ஓங்கித்தான் அடிக்கிறேன். மெதுவாக அடித்தால் காய் பாதி வழியில் களைத்து நிற்கிறது. இதில் நான் எப்படிப் பழகுவது?

உங்களுக்குப் புரிகிற மாதிரிச் சொல்லத் தெரியவில்லை. காலையில் எழுந்தால் நான் டீச்சர். தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளை மடுவத்து வேலாயியிடம் அழகனைக் கொடுத்துவிட்டு ஓடுகிறேன், இடைவேளையில் பால் கொடுக்க ஓடி வருகிறேன், மறுபடி ஓடுகிறேன். ஓடுகிற இடத்திலெல்லாம் இன்னொரு இடத்தை நினைத்துக்கொண்டிருக்கிறேன். பலகைக்கு முன்னால் உட்கார்ந்தால் மட்டும் அந்தக் காயைத் தவிர ஒன்றும் நினைவில்லை. ஹட்டனில் அது நடந்தது. பிள்ளை பிறந்த பிறகு அப்படி நான் ஒரு இடத்தில் முழுசாக இருந்தது அன்றுதான்.

தாலாட்டுப் பாடுகிற பெண்களிடம் சொல்லுங்கள், உங்களுக்கு ராகம் வராது என்று. எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் தோளில்தான் அவன் சீக்கிரம் தூங்குகிறான். அதுவும் எனக்குத் தெரியும்.

வருகிறீர்களா, இல்லையா? ஒரு வரி போதும்.

பூரணி


ராகலை
14.7.1963

அன்புள்ள பூரணிக்கு,

ஒரு வரி: வருகிறேன்.

மற்ற வரிகள் லீவு கேட்ட கதை. பெரிய டீமேக்கர் இலை வாட்டுகிற மாடியில் கொழுந்தைக் கையில் அள்ளி மோந்து பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல நேரம் என்று நினைத்துப் போய் நின்றேன். "என்னத்துக்கு லீவு?" என்றார். என் சம்சாரம் ஆடப்போகிறது, நான் பிள்ளை தூக்கவேண்டும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாயைப் பார்த்ததும் எனக்கு வேறு யோசனை வந்துவிட்டது. "பல்லு புடுங்கணுங்க, கொழும்புல" என்றேன். "கொழும்புக்குப் போய்ப் புடுங்கற அளவுக்கு அப்பிடி என்ன பல்லு?" என்று கேட்டுவிட்டுச் சரி என்றார். அன்றிலிருந்து அவர் கண்ணில் படுகிறபோதெல்லாம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன்.

இன்னொரு விஷயம். அங்கே உங்களுக்கு மழை என்றால் மலைக்கு இந்தப் பக்கம் எங்களுக்கு எல்லாவற்றையும் உலர்த்துகிற கச்சான் காற்று. கொழுந்து மாடியில் போடுவதற்கு முன்னாலேயே பாதி வாடி விடுகிறது. லியனார்டின் பலகையில் நேற்று ஒரு காயைச் சும்மா விரலால் தொட்டேன், அது போய்க் குழியில் விழுந்துவிட்டது. கொழும்புப் பலகை இப்படித்தான் ஓடும். ஆகஸ்ட் லீவுக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இங்கே வா. லியனார்ட் பத்து நாளைக்கு ஃபெக்டரிக் கிளாக்கர் வீட்டில் படுத்துக்கொள்வான். அறையைக் கழுவிவிட்டேன். எத்தனை தடவை நீ வருகிறேன் என்று சொன்னபோது இடமில்லை என்று எழுதினேன் என்பது ஞாபகம் இருக்கிறது. அதைப் பற்றி வந்த பிறகு பேசாதே.

சின்னராசா


நோர்வூட்
16.8.1963

அன்புள்ள அத்தானுக்கு,

நேற்று இருட்டுவதற்குள் வந்து சேர்ந்துவிட்டோம். ராகலையிலிருந்து நுவரெலியாவரை அழகன் தூங்கினான். பிறகு ஹட்டன்வரை பஸ்ஸில் இருந்த எல்லாரையும் தூங்கவிடவில்லை.

உங்கள் அறையில் இருந்த பத்து நாளும் எனக்குக் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. அந்தக் காய்ந்த பலகையில் முதல் நாள் நான் அடித்த காய் பலகையைத் தாண்டிப் போய் லியனார்டின் தேநீர்க் கோப்பையில் விழுந்ததும், அவன் அதை எடுத்துத் துடைத்து "இதுக்கும் ஒரு புள்ளி குடு மச்சான்" என்றதும். விரலைத் தளர்த்து, தளர்த்து என்று நீங்கள் சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். கடைசி மூன்று நாள் நீங்கள் என்னிடம் தோற்றீர்கள். பீடி பிடிக்க வெளியே போகவில்லை. அதை நான் கவனித்தேன்.

இங்கே வந்ததும் மறுபடி மழை, மறுபடி பயம். அவனுக்கு மூக்கு ஒழுகுகிறது. கொழும்புச் சூடு ஒத்துக்கொள்ளுமா? தண்ணீரைக் கொதிக்கவைத்து எடுத்து வரவேண்டும். இரண்டு போர்வை, கொசுவுக்கு மெல்லிய துணி. போட்டி தொடங்குமுன் பால் கொடுத்துவிடுவேன். பசியால் அழமாட்டான். ஆனால் பசியில்லாமலும் அவன் அழுவான் என்பது உங்களுக்குத் தெரியும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவன் அழுகை என் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஹட்டனில் டோரீன் கையில் அவன் ஒருமுறை சிணுங்கியதற்கே என் விரல் நடுங்கிவிட்டது. கேட்காவிட்டால் நான் ஆடிவிடுவேன்.

நாங்கள் 23ஆம் திகதி ஹட்டனில் ரயில் ஏறுகிறோம். நீங்கள் நானுஓயாவிலிருந்து வருகிற அதே வண்டி. ஜன்னல் பக்கம் நில்லுங்கள்.

உங்கள்
பூரணி


ராகலை
29.8.1963

பூரணிக்கு,

கொழும்புக் கோட்டை ஸ்டேஷனிலிருந்து ஹட்டன்வரை நீ என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஹட்டனில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாய். பெட்டியை நான்தான் ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். வாங்கியபோதும் என்னைப் பார்க்கவில்லை. என் பக்கத்தை நீ கேட்கவே இல்லை. அதனால் எழுதுகிறேன்.

முதல் நாள் எல்லாம் சரியாக இருந்தது. நீ இரண்டு சுற்று ஜெயித்தாய். நான் மண்டபத்துக்குப் பின்னால் ஒரு வேப்பமரத்தடியில் பிள்ளையோடு நின்றேன். மூக்கன் காலையிலேயே தோற்றுவிட்டு வந்தான். கிண்டல் பண்ணப் போகிறான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவன் பிள்ளையை வாங்கிக் கொஞ்சம் நேரம் வைத்திருந்துவிட்டு, "அக்கா நல்லா அடிக்கிது அண்ணே, எனக்குப் பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

இரண்டாம் நாள், அரையிறுதி. மூன்றாவது ஆட்டம் தொடங்கிய பிறகு அழகன் ஆரம்பித்தான். ஜன்னல் வழியாக உன் கை தெரிந்தது. ஸ்ட்ரைக்கரை வைத்தாய், எடுத்தாய், வைத்தாய். கமிட்டி ஆள் ஒருவர் வெளியே வந்து, சிங்களத்தில், கொஞ்சம் தள்ளிப் போகச் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். அழுகை உன் காதில் விழக்கூடாது என்று நீதானே எழுதினாய்? அந்தக் கடிதம் இன்னும் என் சட்டைப்பையில் இருக்கிறது. தூக்கிக்கொண்டு ரோட்டைக் கடந்து கடற்கரைக்கே போய்விட்டேன். அலையைக் கண்டதும் அவன் வாயை மூடிக்கொண்டான். பார்த்துக்கொண்டே என் தோளில் தூங்கிவிட்டான். பூரணி, எனக்கு அப்போது எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? நீ ஜெயித்துவிட்டு வருவாய், நான் தூங்குகிற பிள்ளையைக் காட்டுவேன் என்று அங்கேயே நின்றேன்.

நீ வந்தாய். செருப்பில்லாமல், கொண்டை அவிழ்ந்து, அந்த வெயிலில் ரோட்டைக் குறுக்கே கடந்து. பிள்ளையைப் பிடுங்கி மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாய். பிறகு அத்தனை பேர் முன்னால், "எங்க கொண்டு போனீங்க?" என்று கேட்டாய். அவனை நான் கடலில் போடக் கொண்டுபோன மாதிரி.

ஒரே ஒரு அடிதான் பாக்கி இருந்தது என்று கஸ்பர் மாஸ்டர் சொன்னார். அந்த ஒரு அடியை அடித்துவிட்டு எழுந்திருக்கக் கூடாதா? அவன் என்னோடுதானே இருந்தான்?

பத்திரிகையில் ஒரு வரி வந்திருக்கிறது. "நுவரெலியா மாவட்டத்தைச் சேர்ந்த திருமதி பூரணி சின்னராசா ஆட்டத்தின் நடுவில் வெளியேறினார்." பெரிய டீமேக்கர் அதை எனக்கு வாசித்துக் காட்டிவிட்டு, "பல்லு எப்பிடிப்பா இருக்கு?" என்றார்.

சின்னராசா


நோர்வூட்
8.9.1963

அன்புள்ள அத்தானுக்கு,

மறுபடி அகால நேரம்தான். இத்தனை நாள் பதில் எழுதாதது கோபத்தால் மட்டும் இல்லை. எழுதத் தொடங்கினால் அந்த மண்டபத்துக்குள் மறுபடி போகவேண்டும். அதற்கு எனக்குத் தைரியம் வரவில்லை.

நீங்கள் வெளியே இருந்தீர்கள். உள்ளே நடந்தது உங்களுக்குத் தெரியாது. சொல்கிறேன்.

காற்றில் பவுடர் பறக்கும் என்று மின்விசிறிகளை நிறுத்திவிட்டார்கள். ஒவ்வொரு பலகைக்கு மேலும் ஒரு பெரிய பல்ப். பக்கத்துப் பலகைகளில் காய் மோதுகிற சத்தத்தைத் தவிர ஒரு பேச்சில்லை. முதல் நாள் முதல் அடிக்கு முன்னால், கொழுந்துக்குப் போகிற நம் பெண்கள் முதல் கிள்ளுக்குச் சொல்வார்களே, அதே மாதிரி என்னை அறியாமல் பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றி "பொலி, பொலி" என்றேன். வாய்விட்டே சொல்லிவிட்டேன் போல. நடுவர் நிமிர்ந்து பார்த்து, ஆட்டத்தில் பேசக்கூடாது மிஸிஸ், இன்னொரு முறை பேசினால் ஒரு காய் தண்டம் என்றார். அதற்குப் பிறகு மனசுக்குள்ளேயே சொன்னேன். உங்கள் ராகலைப் பலகை என் விரலில் இருந்தது. காய்கள் நான் சொன்ன இடத்துக்குப் போயின.

அரையிறுதியில் காலி நகரிலிருந்து வந்த சிங்கள அம்மா. என்னைவிட வயசு கூடியவர். அடிப்பதற்கு முன்னால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு அடிப்பார், தவறவே மாட்டார். முதல் ஆட்டம் அவருக்கு, இரண்டாவது எனக்கு. மூன்றாவதில் அழகன் அழ ஆரம்பித்தான். கேட்டது. கை நடுங்கியது. மார்பில் பால் கட்டி, சட்டை நனைந்து, முந்தானையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு ஆடினேன். ஆனால் அத்தான், ஆடினேன். நடுங்கிக்கொண்டே ஆடினேன். ஒவ்வொரு காயாக விழுந்தது. கடைசியில் எனக்கு ஒரு வெள்ளைக் காயும் நடுவில் சிவப்பும்தான் மிச்சம். சிவப்பைக் குழியில் விழுத்தினேன். அடுத்த அடியில் என் வெள்ளையைப் போட்டால் சிவப்பும் எனக்கு, ஆட்டமும் எனக்கு. அந்த வெள்ளை குழியின் வாயிலேயே உட்கார்ந்திருந்தது. எதிரே அந்த அம்மா கைகுலுக்கக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டார்.

அப்போதுதான் அழுகை நின்றிருப்பது எனக்குத் தெரிந்தது.

எப்போது நின்றது என்று தெரியவில்லை. காது கொடுத்துக் கேட்டேன். சிணுங்கல் இல்லை. நீங்கள் "ஜோ ஜோ" என்று சொல்கிற அந்த ராகமில்லாத குரலும் இல்லை. ஜன்னலில் வேப்பமரம் மட்டும் நின்றது. அடித்துவிட்டு எழுந்திருக்கக் கூடாதா என்று கேட்கிறீர்கள். தினமும் நானும் அதைத்தான் கேட்டுக்கொள்கிறேன். ஸ்ட்ரைக்கர்மேல் விரல் இருந்தது. ஆனால் அந்தக் காய் எனக்குத் தெரியவே இல்லை. எழுந்துவிட்டேன். நடுவர் இங்கிலீஷில், "உட்காருங்கள் மிஸிஸ், தயவுசெய்து" என்று இரண்டு தரம் சொன்னார். பாவம், அவர் முகத்திலும் பயம். நான் வாசலில் இருந்தேன்.

அழுகை கேட்கக்கூடாது என்று எழுதியது நான்தான். கேட்காவிட்டால் ஆடிவிடுவேன் என்று நினைத்தது உண்மை. என்னைப் பற்றி எனக்கே தெரியாத ஒன்றை நான் உங்களுக்கு எழுதி அனுப்பினேன், நீங்கள் அதன்படி நடந்தீர்கள். அத்தனை பேர் முன்னால் நான் அப்படிக் கேட்டது தப்பு.

ஆனால் இங்கே நடப்பதையும் கேளுங்கள். இதைத்தான் தாங்க முடியவில்லை. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் பெரிய கணக்கப்பிள்ளை என்னை உதாரணம் காட்டிப் பேசினாராம், தாய் என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று. தலைமை ஆசிரியர் காலைக் கூட்டத்தில் பிள்ளைகளைக் கைதட்டச் சொன்னார். அத்தை முதல் தடவையாக என்னைப் பற்றிப் பக்கத்து வீட்டில் நல்லவிதமாகச் சொல்கிறார். "கொழும்புக் கப்பும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு வந்துட்டா எம் மருமக." நான் வேண்டாம் என்று வரவில்லை அத்தான்! எனக்கு அந்தக் கப் வேண்டும். யாராவது தியாகம் என்று சொன்னால் எதையாவது எடுத்து எறியவேண்டும் போல இருக்கிறது. டோரீன் ஒருத்திதான் சரியாகக் கேட்டாள். வகுப்பு முடிந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "குழி வாயிலயா இருந்திச்சு?" என்றாள். ஆமாம் என்றேன். "ஊதியிருந்தாலே விழுந்திருக்குமேடி" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு நான் அழுதேன், அவள் என் வகுப்புப் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்திக் கொடுத்தாள்.

கஸ்பர் மாஸ்டர் வந்தார். அடுத்த வருஷத்துக்குப் பெயர்களை இந்த மாதக் கடைசிக்குள் கொழும்புக்கு அனுப்பவேண்டுமாம். "ஒங்க பேர எழுதவா தங்கச்சி, இல்ல போதுமா?" என்று கேட்டார். உங்களைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்ல வந்தேன். வாயில் வந்தது வேறு. எழுதுங்கள் என்றேன். உங்கள் பெயரையும் எழுதச் சொன்னேன். பெண்களுக்கு நாலு பேரும் சேர்ந்துவிட்டார்கள். மீனம்மா, "இந்தத் தரம் புள்ள எடுத்த கையும் புள்ள தூக்கற கையும் மோதிப் பாக்கட்டும்" என்கிறாள்.

அடுத்த வருஷம் அழகன் நடப்பான். தூக்கி வைத்திருக்க வேண்டியதில்லை, பின்னால் ஓடவேண்டியிருக்கும். கடற்கரைக்குக் கொண்டுபோகாதீர்கள். வேப்பமரத்தடிக்கே கொண்டுபோகாதீர்கள். கமிட்டி ஆள் வந்து தள்ளிப் போகச் சொன்னால் போகாதீர்கள். சண்டை போடுங்கள், உங்களுக்கு அது நன்றாக வரும். ஜன்னலுக்கு நேர் கீழே நில்லுங்கள். அவன் அழட்டும். அழுகை கேட்டால் என் கை நடுங்கும், ஆனால் ஆடும். அதை நான் பார்த்துவிட்டேன்.

உங்களுக்கும் ஆட்டம் இருந்தால் முதலில் உங்களுடையது முடியட்டும். அப்போது நான் ஜன்னலுக்குக் கீழே நிற்கிறேன்.

இதற்கு உங்களுக்குச் சம்மதமா என்று தெரியாமல் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. சீக்கிரம் பதில் போடுங்கள்.

உங்கள்
பூரணி